தெராதாவின் ரீலுக்கு நூல் சுற்றியவர்

ஜப்பானில், ஹமமாட்சு கடலோரத்தில் காமியா இகுவோ என்று பெயர் சொல்லிக் கேட்டால் யாருக்கும் சட்டென்று பிடிபடாது. "தெராதாவுக்கு நூல் சுத்திக் குடுப்பாரே, அவரா?" என்று திருப்பிக் கேட்பார்கள். அதில் இகுவோவுக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. உள்ளூரப் பெருமைதான். வாழ்நாளில் பாதியை அந்தப் பெருமையிலேயே ஓட்டிவிட்டார் மனுஷர்.

தெராதா முனேஹிரோ, தூண்டில் பத்திரிகைகளின் அட்டையில் சிரித்துக்கொண்டு நிற்கிற ஆள். மணலில் கால் ஊன்றி, தூண்டில் கழியை ஒரு வீசு வீசினால் ஈயக்குண்டு கண்ணுக்கு எட்டாத இடத்தில் போய் விழும். எங்கள் கரையில் தூரத்தை யாரும் மீட்டரில் சொல்வதில்லை. பின்னல் நூலில் இருபத்தைந்து மீட்டருக்கு ஒரு நிறம் மாறும். எத்தனை நிறம் ஓடியது என்பதுதான் கணக்கு. நான்கு நிறம் போட்டால் பரவாயில்லை. ஆறு போட்டால் ஊர் திரும்பிப் பார்க்கும். தெராதா ஏழாவது நிறத்தைத் தொட்டவர். கோடையில் கொழுத்த கிழங்கான் மீன்கள் மேய்வதும் அந்தத் தூரத்தில்தான்.

இருவரும் ஒரே பள்ளி, பிறகு ஒரே பியானோ தொழிற்சாலை. தெராதா வண்ணம் பூசும் பிரிவில் இருந்தார். இகுவோவுக்குக் கனத்த சுரங்களின் எஃகுக் கம்பிமேல் செம்புக் கம்பி சுற்றும் வேலை. விடுமுறை நாளில் இருவரும் கடற்கரைக்குப் போவார்கள். தெராதா வீசிய முதல் வருடமே ஐந்து நிறம் போனது. இகுவோ என்ன முக்கினாலும் நாலுக்கு மேல் போகவில்லை. ஆனால் ஒரு நாள் தெராதாவின் ரீலை வாங்கிப் பார்த்துவிட்டு, "யாருடா உனக்கு இப்படிச் சுத்திக் குடுத்தது? கடைக்காரனா? அவன் கைய ஒடிக்கணும்" என்றார். அவரே பிரித்துச் சுற்றிக் கொடுத்தார். அடுத்த ஞாயிறு ஆறாவது நிறம் ஓடியது.

ரீல் பெட்டியில் இன்ன எண் நூல் இத்தனை மீட்டர் பிடிக்கும் என்று அச்சடித்திருப்பார்கள். அதை நம்பி நூல் வாங்கியவன் கெட்டான். ஒரே எண் போட்ட நூல் ஒரு கம்பெனியில் மெலிசாக இருக்கும், இன்னொன்றில் தடிப்பாக இருக்கும். இழுத்துச் சுற்றினால் ஒரு அளவு, தளர விட்டால் வேறு அளவு. ரீலில் நூல் சுற்றுகிற சுருள் நிறையாமல் போனால், ஓடுகிற நூல் ஒவ்வொரு சுற்றுக்கும் விளிம்பில் உரசி வேகத்தை இழக்கும். அளவுக்கு மேல் நிறைந்தால் கொத்தாகக் கழன்று கழியின் வளையத்தில் சிக்கி, குண்டு தனியே பறந்துவிடும். ஆகவே பின்னல் நூலுக்கு அடியில் மலிவான நைலானை அடிச்சுற்றாகப் போட்டு மட்டம் சரிசெய்வார்கள். எவ்வளவு போடுவது என்பதில்தான் எல்லாரும் கோட்டை விடுவார்கள்.

இகுவோ அதில் கோட்டை விட்டதில்லை. பின்னல் நூலை முதலில் சுற்றுவார். அதோடு நைலானை முடிந்து, விளிம்புக்கு ஒரு நகக்கனம் குறைவாக வரும்வரை மேலே சுற்றி, அங்கே வெட்டுவார். பிறகு அத்தனையையும் ஒரு வெற்றுச் சுருளுக்கு மாற்றி, அதிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி, கடைசியில் பழைய சுருளுக்கே ஏற்றுவார். இப்போது நைலான் அடியில், பின்னல் மேலே, மட்டம் கச்சிதம். ஈரத்துணியால் நூலைப் பிடித்தபடி, முதல் சுற்றிலிருந்து கடைசிச் சுற்றுவரை ஒரே இறுக்கம். செம்புக் கம்பி சுற்றிய விரலுக்கு அது தானாக வரும்.

தெராதாவைத் தூண்டில் கம்பெனி ஒன்று தன் ஆளாக எடுத்துக்கொண்டு, அவர் தொழிற்சாலையை விட்டுப் போன பிறகும் வழக்கம் மாறவில்லை. ஒவ்வொரு வசந்தத்திலும் தெராதாவிடமிருந்து ஒரு பெட்டி வரும், உள்ளே நான்கு வெற்றுச் சுருளும் புது நூலும். இகுவோ சுற்றி அனுப்புவார். போன் வரும்.

"பிரமாதம் இகு. நூல் ஓடற சத்தமே தனி."

"எல்லாம் உன் தோள்தாண்டா."

பிறகு ஒரு தேயிலைப் பெட்டி வரும். உயர்ந்த தேயிலை. இகுவோவின் மனைவி தோயோகோ அதை விருந்தாளிகளுக்கு மட்டும் எடுப்பாள்.

கம்பெனியில் சேர்ந்த வருடம், கியோசா என்கிற கொழுக்கட்டை விற்கும் ஒரு கடையில், பீர் நுரை மீசையில் ஒட்டியிருக்க, தெராதா வாக்குக் கொடுத்திருந்தார். "நீ ஓய்வு வாங்கினதும் ஜூன் மாச இருவர் போட்டியில நீயும் நானும்தான் ஜோடியா நிக்கறோம். நம்ம கரையில, நம்ம ஊர்க்காரங்க முன்னாடி." தெராதா அதை மறுநாளே மறந்திருக்கலாம். இகுவோ மறக்கவில்லை. ஓய்வு பெற்றதும் தினமும் விடிகாலையில் கடலுக்குப் போய்ப் பழகினார். ஐந்தாவது நிறத்தை எட்டிய அன்று மனைவியிடம் சின்னப்பிள்ளைபோல ஓடிவந்து சொன்னார். தெராதா போடுவது போன்ற சிவப்புச் சட்டை ஒன்றும் வாங்கி வைத்தார்.

"கீழ விழுந்த துண்ட எடுக்கச் சொன்னா இடுப்பு வலிக்கும். கடலப் பாத்து ஈயத்த எறியணும்னா மட்டும் வாலிபம் திரும்பிடும்," என்றாள் தோயோகோ.

"ஜூன் மாசம் பார்ரி. மைக்குல என் பேரச் சொல்லும்போது உன் மூஞ்சி எப்படி மாறுதுன்னு பாக்கறேன்."

அந்த வசந்தத்தில் வந்த பெட்டி கொஞ்சம் பெரிதாக இருந்தது. உள்ளே ஆறு சுருள். இரண்டில் வேறொரு பெயர் ஒட்டியிருந்தது. அன்று மாலையே போன் வந்தது.

"இகு, பெட்டி வந்துச்சா? ரெண்டு அசாபாவோடது. எங்க விற்பனைப் பிரிவுப் பையன். அவனுக்கும் உன் கைராசி கொஞ்சம் ஒட்டட்டும்."

"அவருக்கு எதுக்கு?"

"இருவர் போட்டிக்கு என்கூட அவன்தானே நிக்கறான். கம்பெனி ஏற்பாடு. உன்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும், வேலையில விட்டுப் போச்சு. நீ தப்பா எடுத்துக்க மாட்டே, எனக்குத் தெரியும்."

"நான் என்ன தப்பா எடுத்துக்கறது," என்றார் இகுவோ. தப்பாக எடுத்துக்கொள்ளாத ஆள் என்று ஒருமுறை பெயர் வாங்கிவிட்டால் போதும். அப்புறம் ஊரில் எவன் தப்புச் செய்தாலும் அவர் வீட்டு வாசலில்தான் கொண்டுவந்து இறக்குவான்.

தோயோகோ எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "ஏங்க, சுத்திக் குடுக்கப் போறீங்களா?"

"குடுக்காம?"

"அந்தச் சிவப்புச் சட்டைய என்ன பண்றது? தோட்டத்துல காக்கா விரட்ட மாட்டிடவா?"

இகுவோ சட்டையை மடித்து அலமாரியின் அடியில் வைத்தார். மறுநாள் மத்தியானம் அசாபாவின் இரண்டு சுருளையும் எப்போதும்போல் சுற்றினார். அந்தப் பையன்மேல் அவருக்கு என்ன விரோதம்? தெராதாவின் சுருளை எடுத்தபோது ஈரத்துணியைக் கீழே வைத்துவிட்டார். நூலைப் பிடிக்காமல் தன் போக்கில் தளர விட்டார். கடைசிச் சில மீட்டர்களை மட்டும் இறுக்கி மூடினார். வெளியே நகக்கனம் கச்சிதம், மேலாகத் தொட்டால் உறுதி, உள்ளே எல்லாம் தொளதொள. இப்படிச் சுற்றிய நூல் முதல் வீச்சில் ஓடிவிடும். ஈயத்தின் கனத்தோடு இழுத்துச் சுற்றும்போது மேல் நூல் அடிநூலுக்குள் புதையும். இரண்டாவது வீச்சில் பாதி ஓடி, கடித்து நின்று, பட்டென்று அறுந்து, குண்டும் தூண்டிலும் கடலோடு போகும். நான்கு சுருளையும் அப்படியே செய்தார்.   

போன் வந்தது. "பிரமாதம் இகு. நூல் ஓடற சத்தமே தனி." சுருளை இன்னும் வீசிப் பார்த்திருக்க மாட்டான், சும்மா சொல்கிறான் என்று இகுவோ நினைத்தார். தேயிலையும் வந்தது. அதைக் குடிக்க அவருக்கு மனம் வரவில்லை.

போட்டியன்று கரையில் ஊரே கூடியிருந்தது. இகுவோ சாம்பல் நிறச் சட்டையில், கயிற்றுக்கு வெளியே நின்றார். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. பள்ளியில் தன் சோற்றுருண்டையில் பாதியைக் கொடுத்தவனை ஊர் முன்னால் தலைகுனிய வைக்கப் போகிறோமே என்று மனம் அடித்துக்கொண்டது. ஓடிப்போய் "முனே, அந்தச் சுருளப் போடாதே" என்று சொல்லிவிடலாம் என்றுகூடக் கிளம்பினார். அதற்குள் சங்கு ஊதிவிட்டது.

தெராதாவின் முதல் வீச்சு ஏழு நிறம். அது ஓடும், தெரிந்ததுதான். தெராதா இழுத்துச் சுற்றினார், மூன்று கிழங்கான். புழு கோத்து மறுபடியும் கழியைத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோனார். இகுவோ கண்ணை மூடிக்கொண்டார். அறுபடும் சத்தம் கேட்கவில்லை. கூட்டம் கை தட்டியது. மூன்றாவது, நான்காவது, பத்தாவது என்று எல்லாம் ஏழு நிறம். நூல் ஒரு தடவைகூடக் கடிக்கவில்லை. கடவுளே, பிழைத்தோம் என்றுதான் இகுவோவுக்கு முதலில் தோன்றியது. கண்ணில் நீர்கூட வந்துவிட்டது. அடுத்த நிமிடம்தான் உறைத்தது. தளரச் சுற்றிய நூல் எப்படிக் கடிக்காமல் இருக்கும்?

தெராதாவும் அசாபாவும் ஜெயித்தார்கள். கோப்பை, போட்டோ எல்லாம் முடிந்ததும் ரீலை நல்ல தண்ணீரில் அலசிக் கொடுப்பது இகுவோவின் வழக்கம். அன்றும் கேட்காமலே எடுத்தார். கட்டைவிரலால் சுருளை அழுத்திப் பார்த்தார். அடிவரை கல் மாதிரி இருந்தது.

அசாபா பக்கத்தில் வந்து தலை தாழ்த்தினான். நல்ல பையன், மரியாதை தெரிந்தவன். "ஐயா, எனக்கும் சுத்திக் குடுத்ததுக்கு ரொம்ப நன்றி. எங்க பட்டறையிலகூடச் சொன்னாங்க, இவ்வளவு அழகாச் சுத்தினத உருவறதுக்கே மனசு வர..." என்று ஆரம்பித்தவன், பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"எந்தப் பட்டறை? எதுக்கு உருவணும்?"

அசாபா காது சிவக்கத் தெராதாவைப் பார்த்தான். தெராதா கோப்பையை மணலில் வைத்துவிட்டு வந்தார்.

"அது ஒண்ணுமில்ல இகு. கம்பெனி ஒப்பந்தம் அப்படி. அவங்க எந்திரத்துல சுத்தின நூலத்தான் போட்டியில போடணும். உன் பெட்டி வந்ததும் அவங்க உருவிட்டு வேற சுத்திடுவாங்க."

"இந்த வருஷமா?"

தெராதா கடலைப் பார்த்தார். "ஆறு வருஷமா. உன்கிட்ட எப்படிச் சொல்றது? நீ ஆசையாப் பண்ற. வேணாம்னு சொன்னா மனசு ஒடிஞ்சிடும். நீங்க... நீ தப்பா எடுத்துக்காதே."

அந்த 'நீங்க' தெராதாவின் வாயிலிருந்து முதல்முறையாக வந்தது அன்றுதான். சட்டென்று விழுங்கிவிட்டாலும் இகுவோவின் காதில் விழுந்துவிட்டது. ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று வாயைத் திறந்தார். என்ன சொல்வது? உன்னைக் கவிழ்க்கப் பார்த்தேன் என்றா? அதைச் சொல்லவும் ஒரு யோக்கியதை வேண்டும். அவர் உயிரைக் கொடுத்துச் சுற்றிய ஐந்து வருட நூலையும், வஞ்சம் வைத்துச் சுற்றிய இந்த வருட நூலையும் ஒரே எந்திரம் உருவி ஒரே குப்பைக்கூடையில் போட்டிருக்கிறது. எது எது என்றுகூட எவனும் பார்க்கவில்லை. அந்தத் துரோகமாவது பலித்திருக்கக் கூடாதா என்று ஒரு நிமிடம் ஏங்கினார். அந்த ஏக்கத்துக்காக வெட்கப்படவும் செய்தார்.

"அடுத்த வருஷமும் நீதான் சுத்தணும்," என்றார் தெராதா, அவர் தோளில் கை வைத்து.

"அதுக்கென்ன," என்றார் இகுவோ.

வீட்டில் மனைவியிடம் சொன்னார். தான் செய்ததையும் மறைக்கவில்லை. தோயோகோ அலமாரியிலிருந்த தேயிலைப் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தாள். "ஆறு வருஷமா எதுக்குத்தாங்க அந்தத் தேயிலை வந்துச்சு?" என்று கேட்டாள். அவள் குரலில் கேலி இல்லை. கேலி செய்திருந்தால் இகுவோவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த வசந்தத்தில் பெட்டி வந்தது. நான்கு சுருள், புத்தம் புதுப் பின்னல் நூல். இகுவோ நூலைத் தொடவில்லை. தோட்டத்துக் கொட்டகைக்குப் போய், வெள்ளரிக்கொடி கட்டுகிற பச்சைச் சணல் கயிற்றை எடுத்துவந்தார். ஈரத்துணியால் பிடித்து, ஒரே இறுக்கத்தில், விளிம்புக்கு ஒரு நகக்கனம் விட்டு, நான்கு சுருளிலும் சணலைச் சுற்றினார். இப்படி ஒரு கச்சிதம் தன் கைக்கே வாய்த்ததில்லை என்று தோன்றியது.

"அய்யோ, என்னங்க இது? பாத்தா என்ன நினைப்பாங்க?" என்றாள் தோயோகோ.

"பாக்கட்டும். பாத்துட்டு, ஏண்டா கிழட்டுப் பயலே, புத்தி கெட்டுப் போச்சான்னு ஒரு வார்த்தை திட்டட்டும். எனக்கு அது போதும்."

அனுப்பிவிட்டுக் காத்திருந்தார். போன் மணி அடிக்கும்போதெல்லாம் முதல் ஆளாக எழுந்து போனார். திட்டுக்காக இவ்வளவு ஆசையாக ஒரு மனுஷர் காத்திருந்து நான் பார்த்ததில்லை. ஒரு சாயங்காலம் தெராதாவின் குரல் வந்தது. 

"பிரமாதம் இகு. நூல் ஓடற சத்தமே தனி."

இகுவோ போனைக் காதில் வைத்தபடியே நின்றார். அடுப்படியிலிருந்து தோயோகோ எட்டிப் பார்த்தாள்.

"எல்லாம் உன் தோள்தாண்டா," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

அந்த வாரமே தேயிலை வந்தது. வெள்ளரிக்கொடி கட்ட வேறு சணல் வாங்க வேண்டியிருந்தது.