போட்டி தொடங்கும் இசை

மாலை ஆறேகால் மணிக்குக் கோவில்பத்துக்கு வரவேண்டிய பஸ் வரவில்லை. நாகப்பட்டினத்துக் கல்லூரியிலிருந்து என் மகள் அதில்தான் வருவாள். எட்டு மணிக்கு டி.வி.யில் வினாடி வினாவின் இசை துள்ளிக்கொண்டு தொடங்கியது. மனைவி அணைக்கப் போனாள். "இருக்கட்டும்" என்றேன்.

ஐம்பதுகளில் எங்கள் வீட்டு ரேடியோவில் இலங்கையிலிருந்து இப்படி ஒரு போட்டி இசை வரும். முதலில் வால்வு சூடாகும் வாசனை, கரகரப்பு; பிறகு எக்காளம். கேள்வி முடியுமுன்னே வாப்பா விடையைக் கத்துவார். ஒருமுறை காற்றும் மழையுமாக இருந்த நாளில் அவருடைய சரக்குத் தோணி திரும்பவில்லை. அன்றும் உம்மா ரேடியோவைப் போட்டார்.

"புருஷன் கடல்ல கெடக்கையில ஒனக்குப் போட்டி கேக்குதாடி?" என்றார் பக்கத்து வீட்டு மாமி.

"வந்ததும் யாரு ஜெயிச்சான்னுதான் கேப்பாரு மாமி. நான் என்னன்னு சொல்றது?"

மறுநாள் உப்புப் பூத்த சட்டையோடு வந்த வாப்பா அதைத்தான் கேட்டார். உம்மா ஒவ்வொரு விடையாகச் சொன்னார்.

எனக்கு அந்தத் திடம் இல்லை. டி.வி.யையே பார்த்துக்கொண்டிருந்தும் ஒரு கேள்விகூடக் காதில் ஏறவில்லை. முடிவு இசை ஒலிக்கும்போது கதவைத் தள்ளிக்கொண்டு மகள் வந்தாள்.

"பஸ்ஸு திருமலைராயன்பட்டினத்துல நின்னுபோச்சு வாப்பா. அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா? யாரு ஜெயிச்சாங்க?"