பொது டிரைவில் போட்ட ரெப்போ

பேக்கிங் செக்‌ஷன் வாசலில் கன்டெய்னர் லாரி நின்றது. உள்ளே டி-ஷர்ட் அட்டைப்பெட்டிகள் கூரை முட்ட அடுக்கியிருந்தன. ஒன்றிலும் லேபிள் இல்லை. சரக்கை வாங்கும் வெளிநாட்டு பையர் கடைசி நேரத்தில் லேபிள் வடிவத்தை மாற்றிவிட்டார். அதற்கான புரோகிராமை என் டீமில் இருந்த அருள் முந்தின நாள் முடித்து, ரெப்போவில் ஏற்றிவிட்டு, தங்கை கல்யாணத்துக்குக் கோவில்பட்டி போயிருந்தான். லேப்டாப் அவன் ரூமில், ரூம் சாவி அவன் பையில்.

ரெப்போ என்றால், புரோகிராமையும் அதில் இதுவரை செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் சேர்த்து வைக்கும் இடம். எங்களுக்கு அது கம்பெனியின் பொது டிரைவில் இருந்தது. மெர்ச்சன்டைசிங், அக்கவுன்ட்ஸ், கட்டிங் என்று எல்லாரும் ஃபைல் போடும் அதே டிரைவ். தனி சர்வர் கேட்டபோது எம்.டி. சொன்னார்: "ஏனுங்க மேடம், அத்தாம் பெரிய பொட்டி வாங்கி வெச்சிருக்கறமுங்க. அதுலயே ஒரு ஓரமாப் போட்டுக்குங்க."

ஓரமாகத்தான் போட்டோம்.

அன்று காலை அருளின் வேலையை இறக்கப் பார்த்தேன். 'இது ரெப்போவே இல்லை' என்று, ரெப்போவை நிர்வகிக்கும் மென்பொருளான கிட் மறுத்தது. டிரைவைத் திறந்தேன். எல்லா மாற்றங்களும் தங்கியிருக்கும் 'ஆப்ஜெக்ட்ஸ்' ஃபோல்டரைக் காணோம். அந்த இடத்தில் 'பையர் ஆப்ஜெக்‌ஷன்ஸ்' என்று ஒன்று. அதற்குள் எங்கள் ஃபைல்களுக்கு நடுவே காலர் கோணிய டி-ஷர்ட், ஓட்டை விழுந்த பனியன் போட்டோக்கள். 'ஹூக்ஸ்' ஃபோல்டரில் உள்ளாடைக் கொக்கிகளின் படங்கள், சைஸ் வாரியாக. 'பிராஞ்சஸ்' ஃபோல்டரில் அனுப்பர்பாளையம் யூனிட்டின் வாடகை ஒப்பந்தம்.

அட்மின் மேனேஜர் நடராஜன் சாரிடம் ஓடினேன். மறுநாள் பையர் ஆடிட் என்பதால் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஆமாங்க மேடம், நாந்தானுங்க. ஆடிட்டுக்கு ஃபைலிங் சிஸ்டம் காட்டோணும்னாங்க. தேடிப் பாத்தா, யாரோ புண்ணியவான் எல்லா ஃபோல்டரும் ரெடியாப் போட்டு வெச்சிருக்கறாங்க. ஆப்ஜெக்‌ஷன்ல மட்டும் ஸ்பெல்லிங் தப்புங்க. திருத்திப்போட்டனுங்க."

"எதையாச்சும் அழிச்சீங்களா சார்?"

"சேச்சே, இல்லீங்க. பேரே வெளங்காத ஃபைலு நெறையக் கெடந்துச்சு. கம்ப்ளெய்ன்ட் நம்பராட்ட இருந்துதா, அப்படியே உட்டுட்டனுங்க."

பேர் விளங்காத அந்த ஃபைல்கள்தாம் எங்கள் மாற்றங்கள். அவரையும் அழைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்து, ஃபோல்டருக்குப் பழைய பெயரைத் திரும்ப வைத்தேன். அப்போதும் கிட் ஒப்புக்கொள்ளவில்லை. 'ஹெட்' என்று ஒரு சின்ன ஃபைல் உண்டு. புரோகிராமின் தனித்தனிப் பிரதிகளைக் கிளை என்போம்; எந்தக் கிளையில் வேலை நடக்கிறது என்று ஒரே வரி அதில் இருக்கும். திறந்தால், 'முருகேசன், கட்டிங் மாஸ்டர்' என்றிருந்தது.

"ஹெட் யாருன்னு கேட்டிருந்துச்சுங்க," என்றார் நடராஜன் சார். "அவருதானுங்களே சீனியரு."

முருகேசனை எடுத்துவிட்டுக் கிளையின் பெயரை எழுதினேன். ரெப்போ உயிர்த்தது. கூடவே, நேவி ப்ளூ என்ற கிளை உடைந்திருப்பதாக எச்சரித்தது. கிளைகளின் பெயர்கள் இருக்கும் 'ஹெட்ஸ்' ஃபோல்டரில் நடராஜன் சார் நேவி ப்ளூ கலர் கார்டு போட்டோவைப் போட்டிருந்தார். லாரி ஏன் கிளம்பவில்லை என்று பார்க்க வந்த எம்.டி. என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் படித்துவிட்டார்.

"நேவி ப்ளூ ஒடஞ்சு போச்சுங்களா? அந்தத் துணி டையிங்ல இருந்து நல்லாத்தானுங்களே வந்துச்சு!"

விளக்க நேரமில்லை. "சரி பண்ணிட்டேன் சார்," என்றேன். போட்டோவை அப்புறப்படுத்தி, அருளின் வேலையை இறக்கி, பிரின்டரை ஓட விட்டேன். இருட்டுவதற்குள் லாரி தூத்துக்குடிக்குக் கிளம்பியது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பொது டிரைவில் இருக்கும் ரெப்போவை கிட் காவல் காக்காது. எழுத அனுமதி உள்ள எல்லாரும் அதன் உள்ளே கை வைக்கலாம். எங்கள் ரெப்போ சுத்தம் செய்ததில் கவிழ்ந்தது. உங்களுடையது டிஸ்க் நிறைந்தோ, எழுதும்போது நெட்வொர்க் அறுந்தோ கவிழலாம். தனி சர்வர் கேளுங்கள். அதற்கு வேறொரு மெஷினில் பேக்கப் வையுங்கள். எங்களுக்கு அடுத்த வாரமே இரண்டும் கிடைத்தன.

ஆடிட்டில் எங்கள் ஃபைலிங் சிஸ்டத்துக்குத் தனிப் பாராட்டு வந்தது. நடராஜன் சார் நேராக என்னிடம் வந்தார். "மேடம், பொங்கலூர் யூனிட்டுக்கும் இதே மாதிரி ஒரு செட்டு ஃபோல்டர் போட்டுக் குடுத்துருங்க."

ஒரு காலி ரெப்போ உருவாக்கிக் கொடுத்தேன். அதில் இன்றுவரை ஒரு வரி புரோகிராம் ஏறியதில்லை. எங்கள் கம்பெனியிலேயே ஒழுங்காகப் பராமரிக்கப்படும் ரெப்போ அதுதான்.