இழுப்பு என்று ஒரு சொல்

ஐம்பத்தெட்டோ ஐம்பத்தொன்பதோ, வருஷம் சரியாக நினைவில்லை. அப்போது நான் தென்காசியில் ஓர் ஆரம்பப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். ஒரு தை மாத மாலை, பள்ளி விட்டு வந்து காப்பிக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தபோது, வயதான ஓர் அம்மாளும் அவர் கணவரும் வாசலில் வந்து நின்றார்கள். அச்சன்புதூரிலிருந்து வருவதாகவும், தங்கள் மகனுக்கு என் அடுத்த வீட்டுப் பெண்ணைப் பேசியிருப்பதாகவும், அவளைப் பற்றிக் கொஞ்சம் விசாரிக்க வேண்டும் என்றும் சொன்னார்கள்.

அந்தப் பெண்ணும் என் பள்ளியில்தான் டீச்சர். என்னைவிட நாலு வயது சின்னவள். நான் கிறிஸ்தவள், அவள் இந்து. ஒரே கிணற்றில் தண்ணீர் இறைத்து, ஒன்றாகப் பள்ளிக்கு நடந்து, அவள் வீட்டுக் கொழுக்கட்டையை நானும் என் வீட்டுக் கிறிஸ்துமஸ் பலகாரத்தை அவளும் தின்று வளர்ந்த சிநேகிதம். அதற்கு முந்தின மாதம் ஆண்டு விழா வந்தது. ஐந்து வருஷமாகப் பிள்ளைகளுக்குக் கும்மி சொல்லிக் கொடுத்தவள் நான். அந்த வருஷம் தலைமையாசிரியை அதை அவளிடம் கொடுத்துவிட்டார். விழா முடிந்து எல்லாரும் கை தட்டினார்கள். என் கை மட்டும் மடியிலேயே இருந்தது. இவ்வளவுதான் பகை. இப்போது சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

வந்த அம்மாள் குணம், நடை எல்லாம் கேட்டுவிட்டு, உடம்புக்கு ஏதாவது உண்டா என்றார். "சாரல் நேரத்துல மட்டும் கொஞ்சம் இழுப்பு வரும், வேற ஒண்ணுமில்ல" என்றேன். அது உண்மைதான். சாரல் தொடங்கினால் அவளுக்கு மூச்சு இழுக்கும், நாலு நாள் வெந்நீர் குடித்தால் சரியாகிவிடும். ஆனால் எங்கள் பக்கத்தில் மூச்சு இழுப்பதும் இழுப்புதான், கைகால் வெட்டி இழுப்பதும் இழுப்புதான்.

அம்மாளின் முகம் மாறிவிட்டது. "சாவிக்கொத்தக் கையில குடுத்தா அடங்கிருமா?" என்று கேட்டார்.

வலிப்பு என்று நினைத்துவிட்டார்கள். அது எனக்கு அந்த நொடியே புரிந்தது. "அய்யோ, அது இல்லை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. கும்மியும் நினைவுக்கு வந்தது. "அதெல்லாம் எனக்குத் தெரியாது, அவுக வீட்டுலதான் கேக்கணும்" என்று சொல்லிவிட்டுக் காப்பி கலக்க எழுந்தேன். அவர்கள் காப்பி குடிக்காமலே போனார்கள்.

அந்த வீட்டில் போய் யார் கேட்பார்கள்? அந்தச் சம்பந்தம் நின்றுபோனது, வலிப்பு என்ற பேச்சும் ஊரில் பரவிவிட்டது. அடுத்து வந்தவர்களும் ஏதோ சாக்குச் சொல்லி நழுவினார்கள். அவளுக்குத் தங்கை ஒருத்தி இருந்தாள், அந்தப் பெண்ணையும் யாரும் கேட்டு வரவில்லை. ஒரு நாள் பள்ளியில் வெயிலில் பிரேயருக்கு நிற்கையில் என் சிநேகிதிக்குத் தலை சுற்றியது. பள்ளி ஆயா ஓடிப்போய் ஒரு சாவிக்கொத்தைக் கொண்டுவந்து அவள் உள்ளங்கையில் வைத்து அமுக்கினாள். அவள் அந்தச் சாவியைப் பார்த்த பார்வையை நான் தூணோரம் நின்று பார்த்தேன். அப்போதும் வாய் திறக்கவில்லை.

ஆடியில் எங்கள் சபைப் பெண்களுக்குக் குற்றாலத்தில் மூன்று நாள் தியானக் கூட்டம் நடந்தது. மனந்திரும்புதலைப் பற்றித்தான் செய்தி. கேட்கக் கேட்க எனக்கு நெஞ்சை அடைத்தது. சாட்சி சொல்லும் நேரம் எழுந்து நின்று, ஒரு சகோதரிக்கு விரோதமாகப் பாவம் செய்தேன், ஆண்டவர் என்னை மன்னித்தார் என்று சொல்லி அழுதேன். யார், என்ன என்று சொல்லவில்லை. எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள், இரண்டு பேர் என்னைக் கட்டிக்கொண்டார்கள். மறுநாள் ஐந்தருவியில் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு சூடாக வடை தின்றபோது, பாரமெல்லாம் போய்விட்டது என்றே நினைத்தேன். நல்ல பசியும் எடுத்தது.

கிணற்றடியில் பேச்சு எத்தனை நாள் அடங்கிக் கிடக்கும்? எங்கள் சபைக்காரி ஒருத்தி, எனக்கும் அவளுக்கும் பேச்சு குறைந்ததைப் பார்த்து வைத்திருந்தவள், நான் அழுத கதையை அவளிடமே சொல்லிவிட்டாள். அன்று மாலை அவள் இடுப்புக் குடத்தோடு நேரே என் வாசலுக்கு வந்தாள்.

"டீச்சர், குற்றாலத்துல என்னயப் பத்தி அழுதியளாமே."

தை மாதத்தில் நடந்ததைத் தட்டுத் தடுமாறிச் சொன்னேன். அவள் குடத்தை இறக்காமல் முழுவதையும் கேட்டாள்.

"சாமி மன்னிச்சிட்டாரா?"

தலையை ஆட்டினேன்.

"நல்லது. அச்சன்புதூர்க்காரங்களுக்கு அது தெரியுமா?"

பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

அன்று சோறு இறங்கவில்லை. ஆண்டவர் மன்னிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். நான்தான் இன்னும் திரும்பவில்லை; முகத்தைத் துடைத்துக்கொண்டு, போன வழியிலேயே போய்க்கொண்டிருந்தேன். என் வாயிலிருந்து போன சொல் எந்த ஊரில் நிற்கிறதோ அந்த ஊருக்கு நானே போவது என்று முடிவு செய்தேன். வேலை போனாலும் சரி, சபையில் பெயர் கெட்டாலும் சரி.

சனிக்கிழமை பஸ் ஏறினேன். இலத்தூரில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நின்றபோது, எதிரே தென்காசி பஸ் ஆளில்லாமல் நின்றது. கண்டக்டர் என்னைப் பார்த்து, "தென்காசியா, ஏறுங்க" என்றார். இனி அங்கே நின்றால் ஏறிவிடுவேன் என்று தோன்றியது. வருகிற பஸ்ஸுக்குக் காத்திராமல் வயலோரம் நடக்கத் தொடங்கிவிட்டேன்.

அந்த அம்மாள் முற்றத்தில் நெல்லைக் காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். நான் நின்றபடியே சொன்னேன்: அது மூச்சு இழுப்புதான் என்றும், நீங்கள் சாவிக்கொத்து என்றபோதே தப்பாக எடுத்துக்கொண்டது எனக்குத் தெரியும் என்றும், தெரிந்தேதான் சும்மா இருந்தேன், எனக்குப் பொறாமை என்றும்.

அவர் கால் நெல்லிலேயே நின்றுவிட்டது. "வைகாசியில எம் மவனுக்குக் கல்யாணம் முடிஞ்சிட்டே டீச்சர். இப்ப வந்து சொல்லுதிய" என்றார். பிறகு, தன் வாயாலேயே மூன்று வீட்டில் சொல்லிவிட்டதாகவும், தானே போய்ச் சரிசெய்துவிடுவதாகவும் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த மூன்று வீட்டையும் காட்டுங்கள், நானே சொல்கிறேன் என்றேன்.

மூன்று வீட்டிலும் சொன்னேன். கடைசி வீட்டில் ஈஸிசேரில் சாய்ந்திருந்த ஒரு பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "படிச்ச பொம்பள, அதுலயும் வேதக்காரி. இப்பிடியா செய்வா?" என்றார். எங்கள் ஊரில் கிறிஸ்தவர்களை அப்படித்தான் சொல்வார்கள். அந்தச் சொல் நெஞ்சில் தைத்தது. "ஆமா அண்ணாச்சி, செஞ்சேன்" என்றேன். வேறு என்ன சொல்ல?

திங்கட்கிழமை பள்ளியில் தலைமையாசிரியையிடமும், ஆயாவிடமும், மாலையில் கிணற்றடியில் அவ்வளவு பேரிடமும் சொன்னேன். அடுத்த ஞாயிறு சபையில் மறுபடி எழுந்து, இந்தத் தடவை என்ன செய்தேன் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அன்று ஸ்தோத்திரம் கொஞ்சம் மெதுவாகத்தான் வந்தது. அவள் என்னோடு பேசவில்லை. பேச வேண்டும் என்று நானும் எதிர்பார்க்கக் கூடாது என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டேன். அப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் போனது.

அப்புறம் ஒரு நாள் அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு தம்பதி என் வாசலில் வந்து நின்றார்கள், அடுத்த வீட்டுப் பெண்ணை விசாரிக்க. என்னிடம் யார் அனுப்பினார்கள் என்று கேட்டேன்.

"அந்தப் பிள்ளையேதான் சொல்லிச்சு. அந்த டீச்சர்ட்ட கேளுங்க, உள்ளத உள்ளபடி சொல்லுவாகன்னு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லாம் சொன்னேன். சாரலில் மூச்சு இழுக்கும், மூச்சு மட்டும்தான், கைகால் இல்லை என்றேன். நான் செய்த துரோகத்தையும் மறைக்கவில்லை. அவர்கள் காப்பி குடித்துவிட்டுத்தான் போனார்கள். ஆவணியில் கல்யாணம். பத்திரிகை வைக்க அவளே வந்தாள், "கும்மிக்கு நீங்கதான் நிக்கணும்" என்றாள்.

இன்றைக்கும் யாரைப் பற்றியாவது யாராவது என்னிடம் விசாரித்தால், பதில் சொன்னதும் நான் எழுந்துவிடுவதில்லை. அவர்களுக்கு என்ன புரிந்தது என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் காப்பி கலக்கப் போகிறேன்.