நூற்றைந்து கடலையில் ஐந்து

எனக்கு வலி இல்லை, கையில் தட்டுப்படும் கட்டி இல்லை. முதல் அறிகுறி என்று சொல்ல வேண்டுமானால் அது ஒரு போன் அழைப்புதான். பள்ளியில் நடந்த முகாமில் ஆசிரியைகள் எல்லோரும் மேமோகிராம் (மார்பகத்தின் எக்ஸ்ரே படம்) எடுத்துக்கொண்டோம். என் படத்தில் ஒரு நிழல் தெரிகிறது, மறுபடி வர வேண்டும் என்று ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் சொன்னாள். 

நான் பதினோராம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர். வருடா வருடம் நிகழ்தகவு நடத்துகிறவள். அந்த நிமிடம் ஒரு சூத்திரமும் நினைவுக்கு வரவில்லை. படம் பெரும்பாலும் சரியாகத்தான் சொல்லும், என் படம் புற்றுநோய் இருக்கிறது என்கிறது, ஆகவே எனக்குப் பெரும்பாலும் இருக்கிறது. இப்படித்தான் மனசு கணக்குப் போட்டது. உங்களுக்கும் அப்படி ஒரு போன் வந்திருந்தால் உங்கள் மனசும் இப்படித்தான் போட்டிருக்கும். அது தப்புக் கணக்கு.

என் கணவர் டவுணில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். விஷயம் கேட்டதும் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு அழ ஆரம்பித்துவிட்டார். நான் இருக்கும்போதே இப்படி அழுதால் எனக்கு எப்படி இருக்கும்? வந்த கோபத்தில்தான் எனக்குப் புத்தி தெளிந்தது. அவரைப் பிடித்து உட்காரவைத்துக் கணக்குச் சொன்னேன்.

நம்ம ஊர்ப் பெண்கள் ஆயிரம் பேர் படம் எடுக்கிறார்கள். அவர்களில் ஐந்து பேருக்கு நோய் என்று வைத்துக்கொள்வோம். (எண்களெல்லாம் கணக்குக்காக நான் வைத்தவை, உங்களுக்கு உரியதை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.) அந்த ஐந்து பேரையும் படம் சரியாகக் கண்டுபிடித்துவிடுகிறது. நோய் இல்லாதவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேரைத் தவறாகப் பிடிக்கிறது. நூற்றுக்குப் பத்து கொஞ்சமாகத் தெரியும். ஆனால் நோய் இல்லாதவர்கள் பெருங்கூட்டம். அதில் பத்தில் ஒரு பங்கே சுமார் நூறு பேர். ஆக, போன் வந்தது நூற்றைந்து பேருக்கு. நோய் இருப்பது அவர்களில் ஐந்து பேருக்கு.

நோய் இருந்தால் படம் சொல்லுமா என்பது ஒரு கேள்வி. படம் சொன்னால் நோய் இருக்குமா என்பது வேறு கேள்வி. பயந்த மனசுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது. பின்னால் நிற்கும் கூட்டம் கண்ணில் படுவதில்லை.

அவருக்கு ஏறவில்லை. வறுத்த வேர்க்கடலையில் நூற்றைந்தை எண்ணித் தட்டில் கொட்டினேன். ஐந்தில் மட்டும் சிவப்பு மையால் புள்ளி வைத்துக் கலந்தேன். கண்ணை மூடிக்கொண்டு ஒன்று எடுக்கச் சொன்னேன். புள்ளி இல்லை. இன்னொன்று. அதிலும் இல்லை. எடுத்ததை வாயில் போட்டுக்கொண்டு முதல் முறையாகச் சிரித்தார். எனக்கும் நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கியது.

வினை அங்கேதான் ஆரம்பித்தது.

மறுநாள் அவருடைய அக்கா வந்தார்கள். நான் மைனி என்று கூப்பிடுவேன். ஆற்றங்கரை அம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்த்துவிட்டு நேரே வந்திருந்தார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ. அம்மன் முன்னால் போட்டு ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் நல்லது. வெள்ளைதான் வந்திருந்தது. மைனி திருநீறு பூசிவிட்டு என் தலையைத் தடவிக்கொடுத்தார்கள். அந்தப் பிரியத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் மறுபடி வரச் சொன்ன ஆஸ்பத்திரியின் டாக்டரம்மா பயாப்சி (ஊசியால் துளி சதை எடுத்துச் சோதிப்பது) செய்ய நாள் குறித்திருந்தார். போக வேண்டாம் என்று அக்காவும் தம்பியும் ஒரே பிடியாய் நின்றார்கள்.

"நூத்தஞ்சுல அஞ்சுன்னு நீதான சொல்லுத. பூவும் வெள்ளை வந்துட்டு. பெறவு எதுக்கு ஊசி? சும்மா கெடக்குததைக் குத்திக் கெளறுனா பரவிருமாம்லா?" என்றார் என் கணவர்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் பயத்தை ஆற்றப் போட்ட கணக்கே என் வழியை மறித்து நின்றது. முந்தின நாள் 'கட்டாயம் இருக்கு' என்று அழுத மனிதர், இன்று 'கட்டாயம் இல்லை' என்கிறார். நடுவில் எங்கேயும் நிற்க மனசுக்குத் தெரியவில்லை. உள்ளுக்குள் எனக்கும் போகாமல் இருந்துவிட ஆசைதான். அதை மறைப்பானேன்?

"கொறைச்சல்னா இல்லைன்னு அர்த்தம் இல்லைங்க. தட்டுல அஞ்சு கடலை இன்னும் கெடக்கு. அதுல நான் இருக்கேனா இல்லையான்னு ஊசிதான் சொல்லும். நீங்க வராட்டா நான் பஸ் ஏறிப் போயிருவேன்."

வந்தார். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஊசியால் பரவுமா என்று டாக்டரம்மாவிடம் நானே கேட்டேன். அந்தப் பயத்தில் சோதனையைத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து என்றார். ஊசி சுருக்கென்றது, அவ்வளவுதான்.

முடிவு வந்த அன்று டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. "இருக்கு டீச்சர். ரொம்பச் சின்னது. கையால தடவினாத் தெரியாது. இப்பவே வந்தது நல்லது" என்றார்.

நான் அந்த ஐவரில் ஒருத்தி.

கட்டியை மட்டும் அறுத்து எடுத்தார்கள். பிறகு சில வாரம் கதிர்வீச்சு (மிச்சமிருக்கும் நோய் அணுக்களைக் கதிரால் அழிப்பது). வலியை விட அசதிதான் ஆளைப் பாடாய்ப் படுத்தியது. தோல் கறுத்து எரிந்தது. ஒரு குடம் தண்ணீரைத் தூக்க முடியாமல் வைத்துவிட்டு அழுதேன். அழுது முடித்துப் பாதிக் குடம் தூக்கினேன். ஒன்றும் செய்யாமல் கிடப்பது எனக்கு ஆகாது.

பள்ளிக்குத் திரும்பியதும், கடலைக் கதையைக் கேட்ட ஒரு டீச்சர், கணக்கு டீச்சரின் கணக்கே பொய்த்துவிட்டதே என்று பாவப்பட்டாள். மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கணக்கு எங்கே பொய்த்தது? ஐந்து பேர் உண்டு என்றுதானே சொன்னது? அந்த இடத்தில் யாராவது இருந்துதான் ஆக வேண்டும். பயந்து ஓடாமலும், பூவை நம்பிப் படுத்துக்கொள்ளாமலும் அடுத்த சோதனைக்கு என்னை நடத்திப் போனது அந்தக் கணக்குதான்.

வீட்டில்தான் ஒரு மாற்றம். என் கணவர் வேர்க்கடலையைத் தொடுவதில்லை. கேட்டால் பல் வலி என்பார்.

இந்த வருடப் படம் எடுத்ததும் அதே போன் வந்தது. ஒரு நிழல் தெரிகிறது, மறுபடி வாருங்கள். அதே வார்த்தைகள், ஆனால் நான் பழைய கூட்டத்தில் இல்லை. ஒரு முறை நோய் வந்தவர்களின் தட்டில் புள்ளி வைத்த கடலை கூடுதலாகக் கிடக்கும். என் உடம்பு எனக்கு இப்போது அப்படித்தான். சந்தேகத்தோடு சேர்த்து என்னுடையது. காலத்தையும் ஒரு படத்திலிருந்து அடுத்த படம்வரை என்றே வாங்கிக்கொள்கிறேன். அதற்குள் பாடம் நடத்துகிறேன், சண்டை போடுகிறேன், ஆற்றில் குளிக்கிறேன்.

இந்த முறை யாரும் பூக்கட்டவில்லை. எத்தனைக்கு எத்தனை என்றும் என் கணவர் கேட்கவில்லை. வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, "கெளம்பு, பாத்துருவோம்" என்றார்.

பார்த்தோம். பழைய தழும்பின் நிழல்தான்.

திரும்பும்போது ஆற்றுப் பாலத்தை ஒட்டி வண்டியை நிறுத்தி, வறுத்த வேர்க்கடலை ஒரு பொட்டலம் வாங்கினார். ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்து வாயில் போட்டார். புள்ளி இருக்காதுங்க என்றேன்.

"இருந்தா இருந்துட்டுப் போவுது. பாத்துட்டுத் திங்கேன்" என்றார்.