மணி அடிக்கும் வரை

எங்கள் தெருமுனைப் பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கும்போதெல்லாம் இந்த வயதிலும் எனக்கு உடம்பு கூசுகிறது. எழுந்து போய்ச் சன்னலைச் சாத்திவிடுவேன். கிழவிக்குச் சத்தம் ஆகாது என்று மருமகள் நினைத்துக்கொள்கிறாள். நினைத்துக்கொள்ளட்டும்.

அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து பென்ஷன் வாங்கி வந்த சொல்தா, அதாவது சிப்பாய். நெல்லித்தோப்பில் அவருடைய மீசையை அறியாதவர் இல்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குள் சித்திரப் பள்ளி நடத்திவந்தார். அங்கே அப்பா தினமும் கோட்டுக்கு இஸ்திரி போட்டு, மெடலைக் குத்திக்கொண்டு போவார். "நான் போகலேன்னா அங்க பாடமே நடக்காது" என்பார். அம்மாவும் நானும் அதை அப்படியே தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தோம். ஒருநாள் விளக்கு வைத்த பிறகுதான் வந்தார். முழங்கால் மடங்கவில்லை. "பசங்க மணி அடிக்க மறந்துட்டுக் கப்பல் பாக்கப் போயிட்டானுங்க. மணி அடிக்காம நான் எப்பிடி எழுந்திருக்கிறது?" என்றார். பட்டாளத்து ஒழுங்கு போலும் என்று அம்மா வெந்நீர் வைத்துக் கொடுத்தாள்.

அந்தப் பள்ளியில் படித்து மதராசுக்குப் போன ஒருவர் எழுதிய கதை, பேசும் படமாகி எங்கள் ஊர்க் கொட்டகைக்கு வந்தது. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "நம்ம எக்கோல், அந்தப் பள்ளிக்கூடத்தப் பத்தின படம். நான் இல்லாமலா இருப்பேன்?" என்று எதிர்வீட்டு அக்கா முதல் தெருவையே கூட்டிக்கொண்டு போனார்.

படத்தில் அவர் இருக்கத்தான் இருந்தார். மாணவர்கள் பார்த்து வரைவதற்காக அசையாமல் உட்கார்ந்திருக்கும் மீசைக்காரக் கிழவர். அப்பாவின் உத்தியோகம் இன்னதென்று அன்றுதான் எங்களுக்கே தெரிந்தது. மாணவர்கள் மணி அடிக்க மறந்து ஊர் சுற்றப் போகிறார்கள். திரும்பி வந்தால் கிழவர் நாற்காலியிலேயே செத்துக் கிடக்கிறார். போட்டிக்கு வரைந்த சித்திரம் முடியவில்லையே என்று பிணத்தை நிமிர்த்தி வைத்து, மீசைக்கு எண்ணெய் தடவி, வரைந்து பரிசு வாங்குகிறார்கள். கொட்டகை விழுந்து விழுந்து சிரித்தது. சரி, படமாவது உருப்படியா என்றால் அதுவும் இல்லை. பிணத்தைச் சுற்றி நின்று பாட்டுக்கு மேல் பாட்டு. முதல் சிரிப்பு ஓய்ந்ததும் எல்லோரும் கொட்டாவி விட்டார்கள். இந்தக் குப்பைக்காகவா எங்கள் மானம் போக வேண்டும் என்று எனக்கு அழுகை வந்தது. அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அப்பாவை நினைத்து வெட்கமா, சிரித்தவர்களை நினைத்து வெட்கமா, இன்றுவரை எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தேன். அப்பா முதுகு வளையாமல், இமை அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

வெளியே வந்ததும் எதிர்வீட்டு அக்கா வாயைப் பொத்திக்கொண்டு, "என்னா முசே, அந்தப் பொணம் நீங்கதானா?" என்றாள்.

"நான்தாம்மா" என்றார் அப்பா. "ஆனா படத்துல நடிச்சவன் கண்ண சிமிட்டிட்டான். நான் சிமிட்ட மாட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். மறுநாள் கோட்டை எடுக்கவில்லை. பள்ளியிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டபோது, "ஒடம்பு சரியில்லன்னு சொல்லிடு" என்று என்னிடம் சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டார். அதன்பிறகு பள்ளி இருந்த தெருப் பக்கமே போகவில்லை. மாதா கோயிலுக்குக்கூடச் சுற்றுவழியில்தான் போனார்.

அவர் இறந்தபோது, போட்டோ எடுப்பதற்காகக் கோட்டும் மெடலும் போட்டு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மீசைக்கு எண்ணெய் தடவ யாரோ கிண்ணத்தோடு வந்தார்கள். அம்மா அதைப் பிடுங்கி வைத்துவிட்டாள். மாலையோடு வந்த எதிர்வீட்டு அக்கா அழுதுகொண்டேதான் வந்தாள். ஆனாலும் அவள் பார்வை அப்பாவின் கண்ணிமைக்குப் போனது. நானும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலை குனிந்துகொண்டோம். அப்போது கோயிலில் துக்க மணி அடிக்கத் தொடங்கியது. அது ஓயும் வரை அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பா எழுந்திருக்கவில்லை.

இதோ, தெருமுனையில் மணி அடிக்கிறது. பிள்ளைகள் எல்லோரும் எழுந்து வீட்டுக்கு ஓடி வருகிறார்கள். சன்னலைச் சாத்த வேண்டும்.