தவமலர் அக்காவின் வீட்டுக் குரல்

தொலைபேசியில் அவருடைய பெயர்தான் விழுந்தது. காலைச் சமையல் நேரம். ஈரக் கையோடு எடுத்து, "சொல்லுங்கோ அக்கா" என்றேன். மறுமுனையில் பேசியது அவருடைய தங்கையின் மகள். "அன்ரி, பெரியம்மா போயிட்டா." முதல்நாள் பின்னேரம் தெஹிவளையில் அவள் வீட்டில் படுத்தவர் பிறகு எழும்பவில்லை. எல்லோருடைய இலக்கங்களும் பெரியம்மாவின் தொலைபேசியில் இருந்தபடியால் அதிலிருந்தே எல்லோருக்கும் அறிவித்துக்கொண்டிருந்தாள். ஆகவே அவரோடு பழகிய உங்களில் பலருக்கும் தவமலர் அக்காவின் மரணச் செய்தி தவமலர் அக்காவின் இலக்கத்திலிருந்தே வந்திருக்கும். நீங்களும் என்னைப் போல "சொல்லுங்கோ" என்று சொல்லியிருப்பீர்கள்.

கொட்டாஞ்சேனையில் நாங்கள் வேலை செய்த அந்த மொழிபெயர்ப்புக் கந்தோரை உங்களுக்குத் தெரியும். விளம்பரங்கள், மருந்துப் பெட்டிக்குள் வைக்கும் தாள்கள், வழக்கறிஞர்களின் பத்திரங்கள் எல்லாம் அங்கே தமிழாகும். நான் கணினியில் எழுத்துக் கோப்பேன். அவர் பிழை பார்ப்பார். "இருக்கலாம்" என்ற சொல்லை எங்கு கண்டாலும் வட்டமிட்டு, "இருக்கோ இல்லையோ எண்டு கேட்டு எழுதுங்கோ" என்று ஓரத்தில் குறிப்பார். கனவு காண்கிற மனுசி அல்ல அவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் சொல்லப்போவதைக் கேட்டு யாரும் அவரைத் தவறாக நினைத்துவிடக் கூடாது.

அவருடைய கணவர் குலேந்திரன் கோட்டையில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் வேலை செய்தார். இயந்திரங்களில் பைத்தியம். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் யாரோ விற்ற கணினி ஒன்றை வாங்கி, வெள்ளவத்தைத் தொடர்மாடி வீட்டின் உள்ளறையில் வைத்திருந்தார். கணினி திறக்கும்போது ஒரு சின்ன இசை வருமல்லவா, அதை எடுத்துவிட்டுத் தன் குரலைப் பதிந்து வைத்தார். திறந்தால், "தவம், நான் வந்திட்டன்" என்று சொல்லும். மூடினால், "சரி, போயிட்டு வாறன்" என்று சொல்லும். மனைவியைச் சிரிக்க வைக்கச் செய்த வேலை. சில மாதங்களில் அவர் காணாமற்போனார். கோட்டையில் வெள்ளவத்தை பஸ்ஸில் ஏறியதைக் கண்டவர்கள் இருந்தார்கள். இறங்கியதைக் கண்டவர் யாரும் இல்லை.

அந்தக் குரலை நான் முதலில் கேட்டது ஒரு பகல் வேளையில். அக்கா குசினியில் நின்றார். மின்சாரம் இல்லாத வெக்கையில் நான் முன்னறையில் தனியே இருந்தேன். திடீரென மின்விசிறி சுற்றத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் உள்ளறையிலிருந்து ஓர் ஆண்குரல், "தவம், நான் வந்திட்டன்" என்றது. அவர் காணாமற்போனது அப்போது எனக்குத் தெரியாது, வீட்டுக்காரர் என்று நினைத்து மரியாதைக்கு எழுந்து நின்றேன். யாரும் வெளியே வரவில்லை. அக்கா தேத்தண்ணியோடு வந்து, நான் நிற்பதைப் பார்த்துவிட்டு, "கறண்ட் வந்திட்டுது, இரும்" என்றார். அவ்வளவுதான். பழைய கணினி, பொத்தானை அமத்தியபடி விட்டிருந்தால், போன மின்சாரம் திரும்பியதும் தானாகவே ஓடத் தொடங்கும். அவர் அந்தப் பொத்தானை ஒருநாளும் அணைப்பதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. கீழ்மாடிப் பெண்மணி அந்த வீட்டில் யாரோ ஒளிந்திருக்கிறார் என்றே பல வருடங்கள் நம்பியிருந்தாராம்.

கணினி கிழடாகியது. உள்ளே தட்டு சுழலும்போது நகத்தால் மேசையைத் தட்டுவது போல ஒரு சத்தம் வரத் தொடங்கியது. கந்தோரில் அந்தச் சத்தத்தோடு செத்த கணினிகளை நான் கண்டிருக்கிறேன். பிரதி எடுக்காவிட்டால் ஒருநாள் எல்லாம் போய்விடும் என்று அவரிடம் சொன்னேன். வழிகளையும் சொன்னேன். சீடியில் எழுதலாம், ஆனால் கணினியைக் காலி வீதிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகவேண்டும். வழியில் சோதனைச்சாவடி, கடையில் அந்நியர் காது. பென் டிரைவ் செருக அந்தக் கணினியில் துவாரமே இல்லை. புது ஹாட் டிஸ்க் பூட்டினால் இவ்வளவு பெரியதை அந்தப் பழைய கணினி அடையாளம் காணாது. மிஞ்சியது பிளொப்பி. அதுவும் கடற்காற்றில் பூஞ்சணம் பிடித்துவிடும்.

அவர் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "நீர் சொல்றது விளங்குது, சுகந்தி. ஆனா பிரதி எடுக்கிறது ஆர்? முதல் இருந்தது போயிடும் எண்டு ஒத்துக்கொண்ட ஆக்கள்தானே."

என்றாலும் ஒரு சனிக்கிழமை எப்படியாவது அவரைச் சம்மதிக்க வைப்பது என்று பாமன்கடையில் இருந்த என் வீட்டிலிருந்து போனேன். அன்றைக்குத்தான் படையினரின் சுற்றிவளைப்பு. வீதி மறிக்கப்பட்டு, மின்சாரமும் நின்றிருந்தது. மாடி மாடியாக வந்தார்கள். எங்கள் கதவுக்கு ஒரு பொலிஸ் அதிகாரி, ஒரு பெண் பொலிஸ், துவக்கோடு இரண்டு சிப்பாய்கள். பொலிஸ் பதிவில் அந்த வீட்டில் ஒரு பெண் மட்டும்தான். நான் யார், ஏன் வந்தேன் என்று விசாரித்து அடையாள அட்டையை வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார் அதிகாரி. அந்த நேரம் பார்த்து மின்விசிறி அசைந்தது. தடுக்க முடியாது என்று தெரிந்த ஒன்றுக்காகக் காத்து நின்றேன்.

"தவம், நான் வந்திட்டன்."

துவக்குகள் உள்ளறைப் பக்கம் திரும்பின. அதிகாரி தணிந்த குரலில், "அத்துலே கவுத?" என்றார், உள்ளே யார் என்று. அக்கா சிங்களத்திலேயே, "என்னுடைய கணவர்" என்றார். எங்கே அவர் என்று கேட்டார் அதிகாரி. "அதைத்தான் நானும் உங்களிடம் இவ்வளவு காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்றார் அக்கா.

அவர்கள் உள்ளறைக் கதவை உதைத்துத் திறந்து உள்ளே போனார்கள். கட்டிலுக்குக் கீழே, அலுமாரிக்குள், யன்னலுக்கு வெளியே எல்லாம் பார்த்தார்கள். பிறகு அக்கா கணினியைக் காட்டி விளக்கினார். நம்பவில்லை. மூடித் திறக்கச் சொன்னார்கள். மூடும்போது அது, "சரி, போயிட்டு வாறன்" என்றது. துவக்கோடு நின்ற இருவரில் இளையவர் அறையை விட்டு வெளியே வந்து சுவரோடு நின்றுகொண்டார். திறந்தபோது மறுபடி வந்தது. கடைசியில், பரிசோதித்துவிட்டுத் தருகிறோம் என்று கணினியை, ஒலிபெருக்கிகளோடு சேர்த்து, எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பிரதி எதுவும் இல்லை. அக்கா அன்றைக்கு அழவில்லை. உள்ளறைக் கதவை மட்டும் சாத்தினார்.

பல வாரங்கள் அலைந்த பிறகு, பொலிஸ் நிலையத்துக்கு வந்து எடுத்துப்போகலாம் என்று சொன்னார்கள். நானும் கூடப் போனேன். களஞ்சிய அறையின் திறப்புக் கொத்தோடு வந்த நடுவயதுப் பொலிஸ்காரர் எங்களைப் பார்த்து, மனிதர் பேசுகிற அந்தப் பெட்டியா என்று கேட்டார். சோதித்தவர்கள் இணைப்பைக் கழற்றாமலே விட்டிருந்தார்கள். மின்சாரம் போய் வந்த ஒரு பகலில் பூட்டிய அறைக்குள்ளிருந்து குரல் கேட்டதாம். திறந்து பார்த்தால் யாரும் இல்லை. அதன் பிறகு அந்த அறைக்குள் எவரும் தனியே போவதில்லை என்றார். தனக்குத் தமிழ் தெரியாது, அது என்ன சொல்கிறது என்று அவர் கேட்டபோது, அக்கா மொழிபெயர்த்துச் சொன்னார். அந்த மனிதர் நிலத்தைப் பார்த்தார்.

வெளியே வந்து முச்சக்கர வண்டியில் ஏறிய பிறகு அக்கா சொன்னார்: "இவரைக் காணேல்லை எண்டு நான் முறைப்பாடு குடுத்தது இந்த இடத்திலதான். இஞ்சயே வந்து, வந்திட்டன் எண்டு சொல்லியிருக்கிறார். ஒருத்தரும் பதியேல்லை."

வீட்டில் பூட்டிப் பார்த்தால் நகச்சத்தம் கூடியிருந்தது. முதல் இரண்டு முறை திறக்கவில்லை. மூன்றாம் முறை குரல் வந்தது, நடுவில் விக்கி. அக்கா என் பக்கம் திரும்பி, "எடும்" என்றார். முதல் பிளொப்பி பாதியில் பிழை காட்டியது. இரண்டாவது ஏற்றுக்கொண்டது. ஒலிக்கோப்பு மிகச் சிறியது. ஒரு பிளொப்பிக்குள் அடங்கிவிட்டது. அந்த வாரமே கணினி நின்றுபோனது.

கந்தோரில் நான் அதைச் சீடியில் எழுதி, உறையிலிட்டு, பெட்டகத்தில் வையுங்கள் என்று கொடுத்தேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "பூட்டி வைச்சது பழுதாப் போனா ஆருக்குத் தெரியும்? ஒவ்வொரு நாளும் கேக்கிறது பழுதானா அண்டைக்கே தெரியும். ஒரு இடத்தில இருந்தா ஒரு ஜீப் போதும் கொண்டுபோக." இதுதான் அவர் தெரிந்தெடுத்த முறை. என் வீட்டில், தங்கை வீட்டில், ஹெந்தளையில் இருந்த எங்கள் கணக்காளர் வீட்டில், கந்தோரில், இன்னும் உங்களில் சிலருடைய வீடுகளில் அந்தக் குரலைத் திறப்பொலியாக வைக்கச் சொன்னார். கணினி மாற்றும் போதெல்லாம் தொலைபேசியில் கூப்பிட்டு, மாற்றியாயிற்றா என்று கேட்பார். என் கணவருக்கு முதலில் விருப்பமில்லை. காணாமற்போன ஒருவர் நாளாந்தம் வாசலில் வந்து நிற்பது போல இருக்கிறது என்றார். பிறகு பழகிவிட்டது என்று சொன்னால் அது பொய். பல ஊர்களில், பல நேரங்களில், ஒருவர் வந்துகொண்டே இருந்தார். எங்கேயும் வந்து சேரவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு முன் அக்காவின் தங்கை மகள் என்னிடம் கேட்டாள், பெரியம்மாவின் குரல் எங்காவது இருக்கிறதா என்று. தேடினோம். படங்கள் இருந்தன. குரல் இல்லை. இத்தனை காலம் அவருடைய கணவரின் குரலைக் காத்த எங்களில் ஒருவருக்கும் அவருடையதைப் பதியத் தோன்றவில்லை.

அன்று பின்னேரம் அந்தப் பழைய ஒலிக்கோப்பை, மேசை ஒலிபெருக்கியில் இல்லாமல், முதல்முறையாக இயர்போனைக் காதுக்குள் வைத்துக் கேட்டேன். "தவம், நான் வந்திட்டன்." அதற்குப் பின்னால் இரைச்சல் என்று நாங்கள் நினைத்திருந்த இடத்தில் ஏதோ பாத்திரம் வைக்கும் ஓசை. பிறகு தூரத்திலிருந்து, குசினிப் பக்கமாக, ஒரு பெண்குரல்: "ஓம், வாறன்."

அவருக்கு அது தெரிந்திருந்ததா என்று இனிக் கேட்க முடியாது. உங்களிடம் பிரதி இருந்தால் அழிக்கவேண்டாம், காதில் வைத்துக் கேளுங்கள். தவமலர் அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த இரண்டு சொற்கள்தான். இளம் குரல், அவசரமில்லாத குரல். வந்தவருக்குப் பதில் சொல்லிவிட்டு அவரை நோக்கி வரத் தொடங்குகிறது. அதற்குள் கோப்பு முடிந்துவிடுகிறது.