நாலு ட்யூபும் ஒரு தோல் பவளமும்

கடல்மீன் தொட்டிக்கு விளக்கு விக்கிற தொழில்ல ஒரே ஒரு கஷ்டம்தான்: கண்ணு இருக்கிற எல்லாருமே வெளிச்சத்துல எக்ஸ்பர்ட்! திருவொற்றியூர்ல என் கடைக்கு வர்றவங்க மீனைப் பத்திக் கேப்பாங்க, உப்பைப் பத்திக் கேப்பாங்க. விளக்குன்னு வந்துட்டா மட்டும் எனக்கே பாடம் எடுப்பாங்க. உப்புத்தண்ணி தொட்டி வெச்சு நிம்மதி தொலைச்ச என் சக பைத்தியங்களே, உங்களுக்கு இது புரியும். மத்தவங்க சும்மா கூட சேர்ந்து சிரிங்க.

வூட்டு லைட்டு

அருளப்பன் அண்ணனுக்கு ராயபுரம். ஹார்பர்ல கிரேன் ஓட்டுறாரு. மூணடி தொட்டி, நாலு மீன், நடுவுல ஒரே ஒரு தோல் பவளம். பயந்துடாதீங்க, விக்கக் கூடாதுன்னு சட்டம் தடுத்திருக்கிற கல் பவளம் இல்ல. இது காளான் மாதிரி மெத்துன்னு இருக்கும். சந்தோசமா இருந்தா தலை பூரா சின்னச் சின்ன விரல் நீட்டும். அவரோடது ரெண்டு மாசமா ஒரு விரலைக்கூட நீட்டல.

என்ன லைட்டு போட்டிருக்கீங்கன்னு கேட்டேன். சமையக்கட்டு ட்யூப்லைட்டைக் கழட்டி மாட்டியிருக்காராம்! மூணடி தொட்டி மேல நாலடி ட்யூப், ரெண்டு பக்கமும் நீட்டிக்கிட்டு. எனக்குத் தலையே சுத்திடுச்சு. "அண்ணே, வெளிச்சம்தான் அதுக்குச் சோறு. அது உடம்புக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கு. அந்தப் பாசிக்கு ஏத்த வெளிச்சம் வேணும், அது சமைச்சுப் போட்டாத்தான் இது சாப்பிடும்"னேன். அப்பதான் விசயம் வெளிய வந்துச்சு. ஆறு வாரத்துல அவர் பொண்ணு பிரின்சிக்குக் கோயில்ல புது நன்மை, முதல் தடவை நற்கருணை வாங்குற விசேசம். சொந்தக்காரங்க மொத்தமும் வூட்டுக்கு வருவாங்க. அதுக்குள்ள பவளம் விரியலைன்னா தொட்டி வெளிய, அந்த எடத்துல ஷோகேஸ்னு அவர் சம்சாரம் மேரி கெடு வெச்சுட்டாங்க. அதைச் சொல்லும்போதுகூட அந்த மனுசன் தன்னை நினைச்சுக் கவலைப்படல.

"ரெண்டு மாசமா பட்டினியாக்கா அது? நான் டெய்லி அது எதிர்லயே குந்திகினு துன்னுகினு இருந்தேனே!"

டிபன் பாக்ஸ் பரீட்சை

அடுத்த சனிக்கிழமை விளக்குத் தேர்வு. கடையில என்கூட வேலை பார்க்கிற மோகன் எல்.இ.டி. கட்சி. நான் டி-ஃபைவ் கட்சி. டி-ஃபைவ்னா விரல் தடிமன்ல ஒல்லியா வருமே, அந்த ட்யூப். "வருசா வருசம் ட்யூப் மாத்தணும், கரண்ட் தின்னும், சூடு வேற"ன்னு மோகன் அடுக்குறான். எல்லாம் உண்மைதான், ஒத்துக்குறேன்! ஆனா அருளப்பன் அண்ணன் பட்ஜெட்டுக்கு எட்டுன எல்.இ.டி. நடுவுல மட்டும் சுள்ளுன்னு அடிக்கும், ஓரத்துல ஒண்ணும் இருக்காது. இதை நாங்க கத்திக் கத்திப் பேசிக்கிட்டு இருக்க, அருளப்பன் அண்ணன் குறுக்க வந்தாரு. ரெண்டு காலித் தொட்டி மேல ரெண்டையும் எரிய விடச் சொன்னாரு. பையிலேர்ந்து தன்னோட டிபன் பாக்ஸை எடுத்து, முதல்ல இதுல வெச்சாரு, அப்புறம் அதுல.

எல்.இ.டி. பக்கம் டிபன் பாக்ஸுக்குப் பின்னால கருகருன்னு நிழல். டி-ஃபைவ் பக்கம் நாலு ட்யூப், ஒவ்வொண்ணுக்கும் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிற தனித்தனி பளபளா தகடு, நிழலைத் தேடணும்! "யார்டுல ஒத்த ஃபோகஸ் லைட்டு எரிஞ்சா கண்டெய்னருக்குப் பின்னாடி இன்னா கீதுன்னு மேலேர்ந்து தெரியாதுக்கா. நாலாபக்கமும் எரிஞ்சாதான் நான் கொக்கியை எறக்குவேன்"னு சொல்லி டி-ஃபைவைக் கை காட்டினாரு. எனக்கு அப்படியே புல்லரிச்சுப் போச்சு! வருசக்கணக்கா நான் சொல்லத் தெரியாம திணறுனதை மனுசன் ஒரு டிபன் பாக்ஸ்ல முடிச்சுட்டாரே! மோகன் எல்.இ.டி.யை அட்டைப்பெட்டிக்குள்ள திருப்பி வெச்சான்.

"அக்கா, நீ போய் கிரேன் ஓட்டு. கடையை இவர் பார்த்துக்கட்டும்."

நீல வூடு

நாலு ட்யூப்ல ரெண்டு வெள்ளை, ரெண்டு நீலம், அந்தப் பாசிக்கு நீல வெளிச்சம்தான் பிடிக்கும். நானே போய் மாட்டிக் குடுத்தேன். சுவிட்சைப் போட்டதும், ஐயோ, அந்த ஹாலைப் பார்க்கணுமே! சுவர் நீலம், சாமி படம் நீலம், மேரி முகம் நீலம். தெருவுல போறவங்க நின்னு எட்டிப் பார்த்துட்டுப் போறாங்க. எனக்கோ கால் தரையில பாவல. எந்த ட்யூப் முன்னால, எது பின்னால, தகட்டை எப்படித் தொடைக்கணும், எல்லாம் ஒரு மணி நேரம் பேசினேன்.

பேசாம விட்டது ஒண்ணே ஒண்ணு: கொஞ்சம் கொஞ்சமா பழக்கணும். அவரு சந்தோசத்துல காலையில எழுந்ததும் போட்டு, படுக்கப் போறப்பதான் அணைச்சிருக்காரு. இருட்டுல கெடந்த உசுருக்கு எடுத்த எடுப்புலயே உச்சி வெயில்! தப்பு முழுக்க என்னுது. மூணாம் நாள் அவர்கிட்டேர்ந்து போன்.

"தொறக்கும்னு பார்த்தா, இருந்த வாயையும் மூடிக்கிச்சிக்கா!"

கொசுவலை வைத்தியம்

ஷேர் ஆட்டோ புடிச்சு ஓடினேன். பவளம் சுண்டி, மேல பாலிதீன் ஒட்டினாப்ல ஒரு படலத்தோட கெடக்கு. மேரி டேப்பை வெச்சு சுவரை அளந்துகினு இருந்தாங்க, ஷோகேஸுக்கு! நான் வேற வழியில்லாம சட்டசபை மாதிரி அறிவிச்சேன்: விளக்கை ஒரு அடி ஒசத்திக் கயிறுல தொங்க விடணும். தெனம் நாலு மணி நேரம் மட்டும், அதுவும் டைமர்ல. விளக்குக்கும் தண்ணிக்கும் நடுவுல கொசுவலை நாலு மடிப்பு. வாரத்துக்கு ஒரு மடிப்பா எடுத்துக்கிட்டே வரணும்.

அந்த வூட்ல கொசுவலை இருந்தது ஒரே கட்டில்ல, அதுவும் மேரி கட்டில்ல. அருளப்பன் அண்ணனுக்கோ ஷிப்ட் டூட்டி, அதனால மடிப்பு எடுக்கிற வேலையும் மேரி தலையிலதான் விழுந்துச்சு. அவங்க கத்திரிக்கோலை எடுத்து வலையை நறுக்குன வேகத்துல நான் ரெண்டடி தள்ளி நின்னேன்.

"என்னைக் கொசு கடிக்கட்டும், அதுக்கு மட்டும் வெயில் பட்டுறக் கூடாது. நல்லாக்கீதுய்யா உங்க நாயம்!"

மேரியோட போன்

ரெண்டு வாரம் கழிச்சு மேரியே கூப்பிட்டாங்க. தோல் உரியுதாம். "ஐயோ, அது நல்ல சேதிம்மா! பழைய படலத்தை உரிச்சாதான் விரல் வரும்"னு கடையில நின்னு கத்திட்டேன். அந்தப் பக்கம் மேரி தொட்டியை எட்டிப் பார்த்தாங்கபோல.

"இன்னும் மொட்டைதான்க்கா. ஆனா மூஞ்சி தெளிஞ்சிகினு வருது."

ரெண்டு மணி

புது நன்மை ஞாயித்துக்கெழமை எனக்கும் அழைப்பு. கோயில் முடிஞ்சு பன்னெண்டரைக்கெல்லாம் ஹால் நெறைஞ்சு போச்சு. கடைசி மடிப்பை எடுத்து ஒரே நாள்தான் ஆச்சு. முந்தின நாள் ஓரத்துல நாலஞ்சு விரல் நீட்டுச்சாம், அவ்ளோதான். டைமர் ரெண்டு மணிக்கு. இருட்டுத் தொட்டியில பவளம் மூடுன கை மாதிரி உக்காந்திருக்கு. அருளப்பனோட கூடப்பொறந்த அண்ணன், "இதுக்காடா இம்மாம் அலப்பறை?"ன்னு கேட்டுட்டு வெளிய போயிட்டாரு. நம்ம மனுசன் வேர்த்து விறுவிறுத்து சுவிட்சுகிட்ட கையைக் கொண்டு போனாரு. பட்டுனு தட்டிவிட்டாங்க மேரி! "நேரத்துக்குதான் எரியும். குந்து"ன்னாங்க. பிரியாணி அண்டா மூடினபடியே இருக்கு.

ரெண்டு மணி. நீலம் எரிஞ்சுது, அப்புறம் வெள்ளை. அஞ்சு நிமிசம், பத்து நிமிசம், ஒண்ணுமில்ல. வெள்ளை கவுன்ல பிரின்சி கண்ணாடியில மூக்கை ஒட்டிக்கிட்டு, "நீட்டுது! நீட்டுது!"ன்னு கத்தினா. ஒண்ணு, ரெண்டு, அப்புறம் எண்ண முடியல. தலை பூரா விரல், அத்தனையும் தண்ணியில ஆடுது! அருளப்பன் அண்ணன் எல்லார் எதிர்லயும் அழுதுட்டாரு. நானும்தான், எனக்கென்ன வெட்கம்! கூச்சல் கேட்டு அவர் அண்ணன் உள்ள வந்து, "நான் பாக்கல, அணைச்சிட்டு இன்னொரு தபா போடு"ன்னாரு. மேரி கரண்டியோட திரும்பினாங்க.

"இது இன்னா டிவியா மாமா? நாளிக்கு ரெண்டு மணிக்கு வாங்க, இங்கயேதான் கீது, எங்கயும் போவாது."

அன்னியிலேர்ந்து எந்த விளக்கை விக்கணும்னு நான் தொட்டியை அளந்து பார்க்கிறதில்லைங்க, அதை அணைக்கிற அதிகாரம் அந்த வூட்ல யார் கையிலன்னு மட்டும்தான் கேட்டுக்கிறேன்.